ஐந்தாவது ஓட்டை

மூன்றாவது ஓட்டை பாதியில் இருக்கும்போது துளைக்கருவியின் முனை பைக்கின் சைலன்சருக்குள் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மேலாளர் விசையை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். முனை சுற்றுவதற்குப் பதிலாக சைலன்சர் சுற்றியது. அவருடைய முழங்கால்களுக்கு நடுவிலிருந்து எகிறி, பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த தலையணை உறைகளைச் சுருட்டிக்கொண்டு, துணி துவைக்கும் மெஷினில் மோதி நின்றது.

"மாப்ள, இது என்னைக் கொல்லப் பாக்குது!"

"விட்டுடாதீங்க மாமா, இறுக்கிப் பிடிங்க!" என்றான் மச்சினன், அறைக்குள் பத்திரமாக நின்றபடி. மருந்துக் கம்பெனியில் விற்பனையாளனாக இருந்த அவன், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி, வீடு கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கியிருந்தான். இந்த யோசனையும் அவனுடையது. துளைக்கருவியும் அவன் இரவல் வாங்கி வந்ததுதான்.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள். தலையணை உறைகளைப் பார்த்தாள். கணவரின் முகத்தில் அப்பியிருந்த கரியைப் பார்த்தாள்.

"என்னங்க இது? நல்லா ஓடிட்டிருந்த வண்டிதானே?"

"ஓடுது. சத்தம் போதல."

"சத்தம் வரக்கூடாதுன்னுதானே அதை வெச்சிருக்கான்? அதுக்குப் பேரே சைலன்சர்."

மேலாளர் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதை மனைவியிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கும் ஒரு கம்பெனியில், புகார்ப் பிரிவுக்கு அவர் மேலாளர். கருவியிலிருந்து தண்ணீர் வரவில்லை என்றும், வந்தது நிற்கவில்லை என்றும் நாளெல்லாம் போன் வரும். அதை எடுத்துப் பதில் சொல்ல ஆறு பேர், வீடு வீடாகப் போய்ச் சரிசெய்ய ஒரு டெக்னீஷியன், வாசலில் ஒரு வாட்ச்மேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் அவருடைய ராஜ்ஜியம்.

மனிதர் மெதுவாக நடப்பவர், மெதுவாகப் பேசுபவர். பைக்கும் அவரைப் போலவே. தினமும் காலையில் உள்ளே நுழைந்து யாருடைய நாற்காலிக்குப் பின்னாலாவது போய் நிற்பார். நாற்காலியில் இருப்பவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி, "ஐயோ! எப்ப சார் வந்தீங்க? வந்ததே தெரியலையே!" என்பார். பன்னிரண்டு வருடமாக அதே கேள்வி. மற்றவர்களுக்கு அது சாதாரண கேள்வியாக இருக்கலாம். மேலாளருக்கு அது நெஞ்சில் தைத்த முள். 'நான் வருவதுகூட ஒருத்தருக்கும் தெரியவில்லை என்றால் நான் என்ன மேலாளர்?'

போதாக்குறைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. உங்கள் பிரிவில் தேங்கிக் கிடக்கும் புகார்களின் எண்ணிக்கை கவலை அளிக்கிறது. ஒரு மாதத்துக்குள் நிலைமை சீராகாவிட்டால் பிரிவை மூடிவிட்டு வேறு ஊர்க் கிளையோடு சேர்த்துவிடுவோம்.

கடிதத்தைப் படித்த மச்சினன் உடனே தீர்ப்புச் சொன்னான். "உங்ககிட்ட ஒரு கெத்து இல்ல மாமா. நீங்க வர்றப்ப பூமி அதிரணும். நாலே நாலு ஓட்டை. அப்புறம் பாருங்க."

நான்கு ஓட்டையும் போட்டு முடிக்க சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. சைலன்சரைத் திரும்ப மாட்டியபோது ஒரு நட்டு மிச்சம் இருந்தது. "அது கூடுதலா குடுத்திருப்பான் மாமா" என்றான் மச்சினன். மேலாளர் வண்டியைக் கிளப்பினார்.

ஒரு மலை தொண்டையைச் செருமினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எதிர்வீட்டு நாய் குரைக்க வாயைத் திறந்து, பிறகு மனதை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

திங்கள்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனார். அலுவலகம் ஒரு நீண்ட சந்தின் கடைசியில் இருந்தது. சந்து முழுவதையும் அதிரவைத்துக்கொண்டு போய் வண்டியை நிறுத்தினார். வாட்ச்மேன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். உள்ளே ஆறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"வணக்கம் சார்!"

மேலாளர் கதவைப் பிடித்துக்கொண்டார். மேசைகள் துடைத்து வைத்தது போலிருந்தன. ஒவ்வொரு காதிலும் ஒரு போன். ஆறு பேரில் மூத்தவரான போன் அக்கா, "உங்க வீட்டுக்கு இன்னிக்கே ஆள் அனுப்பறேங்க" என்று தேனாகப் பேசிக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

'இத்தனை வருஷம் வீணாப்போச்சே' என்று மேலாளர் நினைத்தார். 'இந்த நாலு ஓட்டையை அப்பவே போட்டிருக்கணும்.'

அந்த வாரம் தேங்கிய புகார்கள் பாதியாகக் குறைந்தன. வீட்டிலோ புகார்கள் தேங்க ஆரம்பித்தன.

முதலில் வந்தவர் மாடி வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. கையில் ஒரு படத்தோடு வந்தார்.

"இதைப் பாருங்க. மூக்கு வரைஞ்சிட்டிருந்தேன். நீங்க வண்டியைக் கிளப்பினீங்க. மூக்கு காது வரைக்கும் போயிடுச்சு."

மேலாளருக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் எங்கள் ஆள் வந்து பார்ப்பார்."

"மூக்கையா?" என்று கேட்டார் ஆசிரியை.

மனைவியின் புகார் வேறு விதம். "நீங்க தெருமுனை திரும்பினா குக்கர் விசில் எத்தனைன்னு எண்ண முடியல. நேத்து மூணுன்னு நினைச்சு ஏழு விட்டுட்டேன். என்ன சமைச்சேன்னு எனக்கே தெரியல. நீங்களும் ஒண்ணும் கேக்காம சாப்பிட்டுட்டீங்க."

வியாழக்கிழமை நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது வண்டியா, பீரங்கியா?"

"வண்டிதாங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரிபண்ணுங்க. திங்கக்கிழமை இதே சத்தத்தோட இந்தப் பக்கம் வந்தீங்கன்னா, நீங்க நடந்துதான் வீட்டுக்குப் போகணும்."

மேலாளர் சட்டத்துக்குப் பயந்தவர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உலோகம் ஒட்டும் பசையைப் பிசைந்து நான்கு ஓட்டைகளையும் அடைத்தார். திங்கள் காலை வண்டி பழைய சாதுவாகப் போனது. காவலர் தலையை ஆட்டி வழிவிட்டார். அலுவலகத்தில் மேலாளர் போன் அக்காவின் பின்னால் போய் நின்றபோது, அவர் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறி மூக்கு வழியாக வந்தது.

"எப்ப... சார்... வந்தீங்க?"

மேலாளரின் முகம் சுருங்கியது. பழைய முள் பழைய இடத்தில் தைத்தது. இருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்ப வண்டியை உதைத்தார். மலை மறுபடி செருமியது. முன்னைவிட உரக்கச் செருமியது.

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தார். நான்கு ஓட்டையிலும் பசையைக் காணோம். அது போகட்டும், சூட்டில் இளகி விழுந்திருக்கும். அவர் விரலால் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து.

இன்னொரு தடவை அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஐந்துதான்.

"இங்க வாயேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இதுல எத்தனை இருக்குன்னு சொல்லு."

"அஞ்சு."

"நான் போட்டது நாலு."

"எண்ணாம போட்டிருப்பீங்க. மிச்சமான நட்டை எண்ணினீங்களா?"

"ஓட்டை தானா விழுமா மாப்ள?"

மச்சினன் தாடையைத் தடவினான். "அதிர்வுல விழும் மாமா. ஒரு ஓட்டை இருந்தா பக்கத்துல இன்னொண்ணு விழறது இயற்கை."

மேலாளர் அதை நம்ப முயன்றார். தன் வாழ்நாளில் பார்த்த ஓட்டைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தார். சட்டைப்பையில், குடையில், வாளியில். அவை எதுவும் குட்டி போட்டதாக நினைவில்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனார். வெல்டிங் செய்பவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சைலன்சரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஐந்து ஓட்டைகளின் மேலும் தகடு வைத்துப் பற்றவைத்தார்.

"வண்டி மக்கிப் போனாலும் என் ஒட்டு போகாது. எழுதி வெச்சுக்குங்க."

புதன்கிழமை காலை வண்டி பூனைக்குட்டி மாதிரி போனது. புதன்கிழமை சாயங்காலம் பீரங்கியாகத் திரும்பி வந்தது. தகடுகள் அப்படியே இருந்தன. தகடுகளுக்குப் பக்கத்தில் இரண்டு புது ஓட்டைகள் இருந்தன.

வெல்டிங்காரர் அவற்றை ஆள்காட்டி விரலால் தடவினார். பிறகு மேலாளரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"என் ஒட்டுல ஒரு குத்தமும் இல்ல சார். இது யாரோ புதுசா போட்டது. உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களா?"

மேலாளர் யோசித்தார். ஓவிய ஆசிரியையா? சத்தம் குறையவேண்டும் என்று தவம் கிடப்பவர் அவர். காவலரா? சட்டத்தின் கையில் துளைக்கருவி இருக்காது. அலுவலகத்திலா? அங்கே வண்டி வாட்ச்மேனின் நாற்காலிக்கு நேர் எதிரில் நிற்கிறது. இருந்தும் மறுநாள் அவரிடமே கேட்டுவிட்டார்.

"என் வண்டிகிட்ட யாராவது வந்தாங்களா?"

வாட்ச்மேனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க வண்டி என் கண்ணு முன்னாடிதான் சார் இருந்துது. கண்ணை அந்தாண்ட இந்தாண்ட எடுக்கல."

டெக்னீஷியனும் வெளியே வந்து, உட்கார்ந்து சைலன்சரை ஆராய்ந்தார். "ரொம்ப சுத்தமா போட்டிருக்கு சார். பிசிறே இல்ல பாருங்க. நல்லா தொழில் தெரிஞ்ச ஆளு" என்றார் மரியாதையோடு.

தொழில் தெரிந்த ஆள். துளைக்கருவி இருக்கும் ஆள். வண்டி சத்தம் போடவேண்டும் என்று ஆசைப்படும் ஆள். மேலாளரின் மூளைக்குள் பல்பு பளிச்சென்று எரிந்தது. வீட்டுக்குப் போய், சோபாவில் படுத்திருந்த மச்சினனின் முன்னால் போய் நின்றார்.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ற?"

"எப்படிப் பண்றேன்?"

"மிச்ச ஓட்டையெல்லாம் நீதானே போட்டது?"

மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். அவனுடைய உதடு துடித்தது. "உங்க மனசுல ஒரு ஓட்டைக்காரனாத்தான் நான் இருக்கேனா மாமா?"

அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். இரவல் கருவியை மட்டும் கோபத்தில் மறந்து விட்டுவிட்டுப் போனான். மனைவி கணவரிடம் பேசுவதை நிறுத்தினாள். டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள்.

மேலாளர் சைலன்சரையே தூக்கிப் போட்டார். புத்தம் புதிதாக, கம்பெனியிலிருந்து வந்த அட்டைப்பெட்டியோடு, ஒன்று வாங்கி மாட்டினார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. திங்கள் காலை அதன் நான்கு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். ஒரு கீறல்கூட இல்லை.

அன்று சாயங்காலம் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே மாடி ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

மூன்று ஓட்டை. வரிசையாக, ஒரே இடைவெளியில், பிசிறில்லாமல்.

மச்சினன் ஊரிலேயே இல்லை. வேலையாக வெளியூர் போயிருந்தான். மேலாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். துளைக்கருவி யாருடைய வீட்டில் இருக்கிறதோ அந்த ஆள். ஓட்டை போட்டுப் பழகிய ஆள். 'வந்ததே தெரியலையே' என்று கேட்டுக் கேட்டு மனசு வெந்த ஆள்.

தயங்கித் தயங்கி மனைவியிடம் போனார். "நான் என்னை அறியாம ஏதாவது பண்றேனா?"

ஐந்து நாளாகப் பேசாதவள் அவருடைய முகத்தைப் பார்த்ததும் பேசிவிட்டாள். "என்ன பண்றீங்க?"

"ஓட்டை."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் இல்ல. என்னங்க, அந்த ஆபீஸ் கவலையையே நினைச்சு நினைச்சுத்தான் இப்படி ஆயிட்டீங்க. பேசாம கருவியை எங்கிட்ட குடுங்க." அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இப்ப போடுங்க பாக்கலாம்."

செவ்வாய்க்கிழமை காலை மூன்று ஓட்டையையும் தகடு வைத்து அடைத்துக்கொண்டு போனார், சாயங்காலம் நான்காவது ஓட்டை இருந்தது. பீரோ பூட்டியபடி இருந்தது. சாவி இடுப்பில் இருந்தது. கணவனும் மனைவியும் சைலன்சரின் இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு மேலாளர் அடைப்பதை விட்டுவிட்டார். நாற்சந்தியைத் தவிர்த்து, மூன்று தெரு சுற்றிப் போக ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் தலைமை அலுவலக இயக்குநர் அம்மாள். மேலாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஒரு மாசம் முடிஞ்சுது. பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்" என்றார் அவர். "நான் வந்திருக்கறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. என் காரைப் பாத்தா உஷாராயிடுவாங்க. உங்க பைக்லயே போகலாம்."

"பைக்லயா மேடம்? கொஞ்சம்... சத்தம் வருமே?"

"வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். எடுங்க."

மேலாளர் உதைத்தார். இயக்குநர் அம்மாள் ஏதோ கத்தினார். வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு கையால் மேலாளரின் தோளையும், இன்னொரு கையால் தன் காதையும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இப்படிச் சுத்திப் போறீங்க?" என்று மூன்றாவது தெருவில் அவர் கத்தியது அரைகுறையாகக் கேட்டது.

"நல்ல காத்து வரும் மேடம்!"

சந்துக்குள் நுழைந்தபோது மேலாளர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பன்னிரண்டு வருடம் இன்னும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு பேர், ஒரு டெக்னீஷியன், ஒரு வாட்ச்மேன். எல்லோரும் அவரை நம்பி இருப்பவர்கள்.

வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். உள்ளே ஆறு பேரும் ஆறு போனிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு டீ கிளாஸ் வெளியே இல்லை. மணி அடிக்காதபடி ஒரு போன்கூட எடுத்துக் கீழே வைக்கப்படவில்லை. சுவர்ப் பலகையில், தேங்கிய புகார்கள் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தது. இயக்குநர் அம்மாள் மேசை மேசையாகப் போனார். இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து மேலாளரிடம் திரும்பினார்.

"நம்ம கிளைகள்ல எங்கயும் இப்படி ஒரு ஒழுங்கை நான் பாத்ததில்ல. சொல்லாம கொள்ளாம வந்தும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியல. என்ன மந்திரம் போட்டீங்க?"

"அன்பாத்தான் நடத்தறேன் மேடம்" என்றார் மேலாளர். அவருடைய கண் கலங்கிவிட்டது. அந்த ஆறு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தன்மேல் இவர்களுக்கு இவ்வளவு மரியாதையா?

"பிரிவை மூடப்போறதில்ல. ஆனா ஒண்ணு." இயக்குநர் அம்மாள் காதைக் குடைந்துகொண்டார். "அந்த வண்டி கம்பெனிக்கே அவமானம். இனிமே அதுல நீங்க வரக்கூடாது. உங்களுக்குக் கம்பெனி ஒரு மின்சார ஸ்கூட்டர் தரும். என்னோட பரிசு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மேலாளர் நண்பன் அறைக்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, மச்சினனைக் கையோடு கூட்டிவந்தார். மனைவி நிம்மதியாக மூன்று விசிலை எண்ணி அடுப்பை அணைத்தாள். ஓவிய ஆசிரியை ஒரு முழு மூக்கு வரைந்து முடித்தார். ஓட்டைகளின் ரகசியம் மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. 'சில விஷயம் மனுஷ அறிவுக்கு எட்டாது போலிருக்கு' என்று மேலாளர் அதை அத்தோடு விட்டுவிட்டார்.

திங்கள்கிழமை காலை புது ஸ்கூட்டரில் அலுவலகத்துக்குப் போனார். அது மேகத்தில் மிதப்பது போலச் சந்துக்குள் வந்து நின்றது. வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே சிரிப்பும் கூச்சலுமாக ஏதோ சத்தம் கேட்டது. மேலாளர் கதவைத் திறந்ததும் சட்டென்று அடங்கியது. ஆறு பேரும் அவரைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஒரு மூலையிலிருந்த வாட்ச்மேனும் டெக்னீஷியனும் குனிந்தபடி வெளியே நழுவினார்கள்.

புது வண்டியைப் பார்த்த ஆச்சரியம் என்று நினைத்துக்கொண்டு அவர் தன் அறைக்குப் போனார். உட்கார்ந்த பிறகுதான் சாப்பாட்டுப் பையை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்ப வாசலுக்கு வந்தார்.

வாட்ச்மேன் தரையோடு தரையாகப் படுத்து, ஸ்கூட்டரின் அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டெக்னீஷியன், சுவரில் கருவி மாட்ட எடுத்துப்போகும் துளைக்கருவியைக் கையில் தயாராகப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார். பின்னால் யாரோ வந்து நிற்பது இருவருக்கும் தெரியவில்லை.

வாட்ச்மேன் தலையை வெளியே எடுத்து, அழாக்குறையாகச் சொன்னார்:

"எங்க தேடியும் இதுல சைலன்சரையே காணோம்பா, இனிமே சார் வர்றது உள்ள இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"